அம்மா களத்துல ஒரு வெயில் கொட்டாய்

நேத்து சாயங்காலம் அம்மா டிரேயில இருந்து ஒரு நெத்திலிய எடுத்து, தலைக்குக் கீழ ரெண்டு விரலால பிடிச்சு, காதுகிட்ட கொண்டு போய் ஒடிச்சாங்க. சட்டுனு ஒரு சின்ன சத்தம். "ம், போதும் ஏத்தா, அள்ளு"ன்னாங்க. என்கிட்ட தெர்மாமீட்டர் இருக்கு, ஈரப்பதம் பாக்குற மீட்டர் இருக்கு, எடை போடுற சின்ன தராசு இருக்கு, எல்லாத்தையும் பாத்து நோட்டுல எழுதுவேன், ஆனா அள்ளலாமா வேணாமான்னு முடிவு பண்றது இன்னிக்கும் அந்த சத்தம்தான். தராசும் அதையேதான் சொல்லுதுங்கறது வேற விஷயம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

சோலார் டிரையர், அதாவது வெயில் சூட்ட வச்சு மீன் காயவைக்கிற கொட்டாய், அதப் பத்தி எழுதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டே இருந்தாங்க, கருவாடு போடுற குடும்பத்துப் பொண்ணுங்களும் கேட்டாங்க, அதான் உக்காந்து எழுதுறேன். எங்க ஊரு ராமநாதபுரம் ஜில்லாவுல ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கரை. அப்பா நாட்டுப்படகு, அம்மா முப்பது வருஷமா கருவாடு. நான் டவுன்ல ஒரு கடையில கணக்கு எழுதிட்டு இருந்தேன், 2020 லாக்டவுன்ல வீட்டுக்கு வந்தவ அப்படியே இங்கயே தங்கிட்டேன். அதுவரைக்கும் கருவாடுன்னா எனக்கு அம்மாவோட சேலை வாசம்தான், அதுல இவ்வளவு விஷயம் இருக்குன்னு தெரியாது.

மொதல்ல மணலைப் பத்தி சொல்லணும். எங்க கரையில நெத்திலி, காரல், சூடை எல்லாம் கடற்கரை மணல்ல அப்படியே பரப்பித்தான் காயவைப்பாங்க, நல்லா பண்றவங்க கீழ ஒரு பழைய வலைய விரிப்பாங்க. கச்சான் காத்து அடிக்குற மாசத்துல மணலை வாரி வாரி இறைக்கும், ஈர மீன்ல ஒட்டுன மணல் காஞ்சப்புறம் போகவே போகாது, செவுள்ளயும் வயித்துலயும் போய் உக்காந்துக்கும். சமைக்கும்போது நாலு தண்ணியில அலசுவாங்கல்ல, அப்பவும் பல்லுல நறநறன்னும். வியாபாரி வந்து ஒரு பிடி அள்ளி வெள்ளைத் துணியில உதறுவாரு, விழுற மணலைப் பாத்துட்டு பத்து கிலோவுக்கு ஒரு கிலோன்னு கழிப்பாரு. ரொம்ப மணலா இருந்தா சாப்பாட்டுக்கே எடுக்க மாட்டாரு, கோழித்தீவனத்துக்குப் போற விலைதான். அதே மீன், அதே கடல், அதே உழைப்பு, மனுசன் திங்குற விலைக்கும் கோழி திங்குற விலைக்கும் நடுவுல நிக்கிறது ஒரு கைப்பிடி மணல்.

அப்புறம் ஈ. ஈர மீன் மேல மொத நாலஞ்சு மணி நேரத்துல ஈ உக்காந்து முட்டை போட்டுடும், மறுநாளே புழு நெளியும். வெயில் நல்லா இருந்தா மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சு தப்பிச்சுக்கும், மேகமூட்டமா இருந்தா மொத்தக் களமும் போச்சு. காக்கா, நாய், ஆடு இதெல்லாம் தனி. சின்ன வயசுல லீவு நாள்னா எனக்கும் தம்பிக்கும் களத்துல காக்கா விரட்டுற வேலைதான், கையில குச்சி, தலையில துண்டு.

2020 டிசம்பர்ல புரெவி புயல் வந்துச்சுல்ல. இலங்கையக் கடந்து வந்து எங்க கடலுக்கு வெளியவே அசையாம நின்னுச்சு, மழையான மழை. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் அம்மாவும் சின்னம்மாவும் சேந்து ஏலத்துல எடுத்த நெத்திலிய களத்துல விரிச்சிருந்தாங்க, அரைக்காச்சலா இருந்தத அள்ளி வீட்டுத் திண்ணையில சாக்கு போட்டு மூடி வச்சாங்க. மூணாம் நாள் சாக்கைத் தூக்குனா சூடா ஆவி வந்துச்சு. அம்மா ஒண்ணும் பேசல, மம்பட்டிய எடுத்துட்டு வந்து தென்னை மூட்டுல குழி வெட்டுனாங்க. வாங்குன கடனைக் கட்ட அடுத்த பொங்கல் தாண்டிப் போச்சு. அன்னிக்குதான் நான் போனை எடுத்து மீன் காயவைக்க வேற என்ன வழி இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடுனா நிறைய வருது. கொச்சியில இருக்குற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், 1957-ல ஆரம்பிச்சது, அவங்க மீனுக்குன்னே சோலார் டிரையர் பல சைஸ்ல டிசைன் பண்ணிருக்காங்க, வெயில் இல்லாத நேரத்துக்கு கேஸ், விறகு, கரண்ட்ன்னு மாத்து ஏற்பாட்டோட. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, 1970-கள்ல பங்களாதேஷ்ல மூங்கிலும் பாலிதீன் ஷீட்டும் வச்சு கூடாரம் மாதிரி ஒண்ணு கட்டிப் பாத்திருக்காங்க, ஒரு பக்கம் கறுப்பு ஷீட்டு, இன்னொரு பக்கம் வெளிச்சம் உள்ள வர்ற ஷீட்டு, கீழயும் மேலயும் காத்துக்கு வழி, அவ்வளவுதான். உள்ள சூடு 45 டிகிரியத் தாண்டுனா ஈப்புழு பிழைக்காதுங்கறதுதான் அதுல பெரிய லாபம். அங்க கருவாட்ட சுட்கின்னு சொல்வாங்க, அதுல பூச்சி மருந்து அடிக்குற பிரச்சினை பத்தி எத்தனையோ ஆய்வு வந்திருக்கு, அத வாசிச்சப்புறம் எனக்கு சாப்பாடே இறங்கல. ஈக்குப் பயந்துதான் மருந்து அடிக்கிறாங்க, அந்த ஈயே உள்ள வராம பண்ணிட்டா மருந்துக்கு என்ன வேலை.

இந்தக் கூடாரத்தப் பாத்ததும் இது நம்மளால கட்ட முடியும்னு தோணுச்சு. வெல்டிங் பட்டறை அண்ணன்கிட்ட சொல்லி ஜிஐ பைப்ப, துத்தநாகம் பூசுன இரும்புக் குழாய், வில்லு மாதிரி வளைச்சு, 20 அடி நீளம் 8 அடி அகலத்துக்கு ஒரு கொட்டாய். மேல 200 மைக்ரான் யூவி ஷீட்டு, பசுமைக்குடில்ல போடுவாங்கல்ல அது. தரையில சிமெண்ட் போட்டு கறுப்பு பெயிண்ட். உள்ள ரெண்டு தட்டுல டிரே, மரச்சட்டத்துல நைலான் வலை இழுத்துக் கட்டுனது. கிழக்குப் பக்கம் கீழ வலை போட்ட ஜன்னல், மேக்குப் பக்கம் உச்சியில ரெண்டு புகைபோக்கி, அதுல 12 வோல்ட் ஃபேன், ஃபேனுக்கு 20 வாட் பேனல். எங்களுக்கு எல்லாம் சேத்து 46 ஆயிரம் சொச்சம் ஆச்சு, அம்மாவோட சுயஉதவிக் குழுக் கடன்தான்.

மொதத் தடவை போட்டது ஒரு பெரிய தப்பு, அத விவரமாவே சொல்றேன், ஏன்னா புதுசா கட்டுற எல்லாரும் இதே தப்பத்தான் பண்றாங்க. வெயில் கொட்டாய்னா சூடுதான முக்கியம், அதனால சூடு வெளிய போயிடக் கூடாதுன்னு ஜன்னலையும் புகைபோக்கியையும் பாதிக்கு மேல அடைச்சு வச்சேன். மத்தியானம் தெர்மாமீட்டர் 58 காட்டுச்சு, எனக்கு சந்தோசம் தாங்கல. அம்மா வாசல்ல நின்னு உள்ள மூஞ்சிய நீட்டிட்டு, "என்னத்தா இது, இட்லிச் சட்டிக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருக்கு, காத்து எங்க"ன்னாங்க. ஷீட்டோட உள்பக்கம் முழுக்க முத்து முத்தா தண்ணி. நான் காதுல வாங்கல. சாயங்காலம் பாத்தா நெத்திலி மேல நல்லா கலகலன்னு இருந்துச்சு, ஒரே நாள்ல காஞ்சிருச்சுன்னு எல்லாருக்கும் போட்டோ அனுப்புனேன். ஆனா கையில எடுத்தா சதை வெளுத்து உதிருது, வெந்து போயிருக்கு. பெருசா இருந்த மீனையெல்லாம் மூட்டையில கட்டி வச்சோம், பத்தாவது நாள் பிரிச்சா உள்ளுக்குள்ள பச்சையா பூஞ்சை. மேல்தோல் அவசரமா காஞ்சு ஓடு மாதிரி இறுகிப் போச்சு, நடுவுல இருந்த ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னுருச்சு. 40 கிலோ பச்சை மீன் போச்சு.

அதுக்கப்புறம்தான் அம்மா சொன்ன காத்தப் பத்தி ஒழுங்கா படிச்சேன். மீன காயவைக்கிறது சூடு இல்ல, காஞ்ச காத்துதான். சூட்டோட வேலை காத்த காயவைக்கிறது. எங்க கரையில காலையில 30 டிகிரி இருக்கும்போது காத்துல ஈரப்பதம் 80 சதவீதம்னு வச்சுக்கோங்க, அந்தக் காத்து மீன்கிட்ட இருந்து ஈரத்த வாங்க இடமே இல்லாம நிறைஞ்சு போய் இருக்கு. அதே காத்த உள்ள விட்டு 45 டிகிரிக்கு சூடாக்குனா அதோட ஈரப்பதம் கிட்டத்தட்ட 35-க்கு இறங்கிடும், ஒரு சொட்டு தண்ணியக் கூட நாம எடுக்கல, சூடானதால அதுக்குத் தண்ணி தாங்குற சக்தி கூடிடுச்சு, அவ்வளவுதான். இப்ப அது மீன்ல இருந்து ஈரத்த உறிஞ்சும். உறிஞ்சுன காத்து உடனே வெளிய போகணும், புதுக்காத்து உள்ள வரணும். வழிய அடைச்சுட்டா அந்த ஈரமெல்லாம் உள்ளயே சுத்தி ஷீட்டுல படிஞ்சு திரும்ப மீன் மேலயே சொட்டும், அதத்தான் நான் மொத நாள் பண்ணேன்.

இப்ப நாங்க பண்றது இப்படி. மொத நாள் ஜன்னல் புகைபோக்கி எல்லாத்தையும் முழுசா திறந்து விடுவோம், உள்ள 40, 42-க்கு மேல ஏற விடமாட்டோம், ஏன்னா மீன் மேல நிக்குற தண்ணி போறதுக்கு காத்தோட்டம்தான் வேணும். சாயங்காலம் எல்லாத்தையும் அள்ளி ஒரு அம்பாரமா குவிச்சு சுத்தமான கோணி போட்டு மூடி வச்சுடுவாங்க அம்மா. இது அவங்க களத்துல எப்பவுமே பண்றதுதான், நான் அத மழைக்கும் பனிக்கும் பயந்து பண்றாங்கன்னு நெனச்சேன். கேட்டா, "ராத்திரி உள்ள இருக்குற ஈரம் மேல வந்துரும்த்தா, காலையில தொட்டுப் பாரு, மறுபடி பிசுபிசுன்னு இருக்கும், அத ரெண்டாவது வெயில் எடுத்துரும்"னாங்க. அதேதான் புத்தகத்துலயும் எழுதியிருக்கு, ராத்திரி ஓய்வுல நடுவுல இருக்குற ஈரம் வெளிப்பக்கம் நகர்ந்து மீன் முழுக்க சமப்படுது. என் மொதத் தடவையில நான் விட்டது இந்த ராத்திரியத்தான். ரெண்டாவது நாள் ஜன்னலைப் பாதியா குறைச்சு 48, 50 வரைக்கும் சூடு ஏற விடுவோம், அப்ப மேல தண்ணி இல்ல, உள்ள இருக்குறத இழுக்கணும், அதுக்கு சூடு வேணும். 55-அ தாண்டுனா உடனே திறந்து விட்டுடுவேன்.

தராசு விஷயம் சொல்றேன்னேன்ல. நெத்திலியில கிட்டத்தட்ட நூத்துக்கு 75 பங்கு தண்ணி. பூஞ்சை பிடிக்காம இருக்கணும்னா உப்பு போடாத மீன்ல ஈரம் 15-க்கு கிட்ட இறங்கணும். ஒரு சின்ன டிரேயில சரியா 1 கிலோ மீன் போட்டு நடுவுல வைங்க. அதுல 250 கிராம்தான் உண்மையான சதையும் முள்ளும், மிச்சம் தண்ணி. ஈரம் 15 சதவீதத்துக்கு வரும்போது அந்த டிரே 300 கிராமுக்கு ஒரு பொட்டு கம்மியா, 294 காட்டணும். அதுக்கு மேல காட்டுனா இன்னும் காயணும், கணக்கு அவ்வளவுதான். இத நான் இருபது முப்பது தடவை எழுதி வச்சிருக்கேன், அம்மா ஒடிச்சுப் பாத்து போதும்னு சொன்ன நேரத்துல தராசு 290-க்கும் 310-க்கும் நடுவுலதான் நின்னுருக்கு. முப்பது வருசக் காது.

எவ்வளவு மீன் போடலாம்னு நிறைய பேர் கேக்குறாங்க. எங்க கொட்டாய் தரை கிட்டத்தட்ட 15 சதுர மீட்டர், ஒத்த வரிசையா பரப்புனா 60 கிலோ பச்சை நெத்திலி. அதுல இருந்து 42 கிலோ தண்ணி போகணும், கடைசியில பதினேழரை கிலோ கருவாடு கிடைக்கும். 1 கிலோ தண்ணிய ஆவியாக்க, கரண்ட் பில்லுல வர்ற யூனிட் கணக்குல சொன்னா, முக்கால் யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மியா சக்தி வேணும், ஆக மொத்தம் 28 யூனிட். நல்ல வெயில் நாள்ல ஒரு சதுர மீட்டர்ல 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுது, 15-க்கும் சேத்து 75, ஆனா ஷீட்டுலயும் தரையிலயும் போற காத்துலயும் வீணாகி மூணுல ஒரு பங்குதான் வேலைக்கு ஆகும்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 25. அதனாலதான் ஒரு முழு நாளும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஆகுது. யாராச்சும் வந்து இந்த சைஸ் டிரையர்ல 200 கிலோ ஒரே நாள்ல காயும்னு சொன்னாங்கன்னா இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க, வெயில் யாருக்காகவும் கூடுதலா அடிக்காது.

நேரம் மிச்சமாகும்னு நெனச்சு இத கட்டாதீங்கன்னும் சொல்லிடுறேன். சித்திரை வெயில்ல திறந்த களத்துல போட்டா நெத்திலி ஒன்றரை நாள்ல தானா காஞ்சுடும், கொட்டாயிலயும் அதே நேரம்தான் ஆகுது. வித்தியாசம் தெரியுறது ஐப்பசி கார்த்திகையில, வெளிய நாலு நாள் விரிச்சு அள்ளி விரிச்சு அள்ளி நாறிப் போற மீனு உள்ள மூணு நாள்ல தப்பிச்சுக்குது. இன்னொன்னு, 46 ஆயிரம் இல்லாதவங்க மொதல்ல ஒரு பரண் போடுங்க, இடுப்பு உயரத்துல சவுக்கு கம்பு நட்டு மேல வலை இழுத்துக் கட்டுனா போதும். கீழயும் மேலயும் காத்து போகும், மணல் ஒட்டாது, நாய் எட்டாது, மேல கொசுவலை போட்டா ஈயும் கம்மி. ஆப்பிரிக்காவுல டாங்கனீக்கா ஏரிக்கரையில நம்ம நெத்திலி மாதிரி ஒரு பொடிமீன மணல்ல காயவச்சுட்டு இருந்தவங்க பரணுக்கு மாறித்தான் நல்ல விலை பாத்தாங்க. எங்க சின்னம்மா இப்பவும் பரண்லதான் போடுறாங்க, அவங்க சரக்கு பங்குனி சித்திரையில எங்க சரக்குக்கு ஒரு துளியும் குறைஞ்சதில்ல.

எல்லா மீனும் இதுல நல்லா வராது. நெத்திலி, சென்னாகுனிங்கற பொடி இறால், காரல், வாளை அருமையா வரும். சாளை மட்டும் எங்களுக்கு சரியா அமையவே இல்ல. அதுல எண்ணெய் ஜாஸ்தி, வெளிச்சமும் சூடும் சேந்து பட்டா அந்த எண்ணெய் வெளிய கக்கி மஞ்சளாகி சிக்கு வாடை அடிக்க ஆரம்பிச்சுடுது. வெயில் நேரா படாத மாதிரி, தனிப் பெட்டியில காத்த சூடாக்கி இருட்டு அறைக்குள்ள அனுப்புற டைப் டிரையர் அதுக்கு நல்லதுன்னு சொல்றாங்க, எங்ககிட்ட இல்ல. இப்போதைக்கு மேல் ஷீட்டுல கறுப்பு நிழல்வலை போட்டுப் பாத்தேன், கொஞ்சம் பரவால்ல.

உப்பு போட்ட கருவாட்டுக்கு வேற கதை. பாறை, கட்டா, சீலா மாதிரி பெரிய மீன கீறி, நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்புன்னு தொட்டியில அடுக்கி, மீன்ல இருந்து தண்ணி கழண்டப்புறம் எடுத்து அலசி டிரேயில போடுவோம். உப்புக்கு நாங்க எங்கயும் அலையத் தேவையில்ல, வாலிநோக்கத்துலயே அரசாங்க உப்பளம் இருக்கு. ஆனா காத்துல ஈரப்பதம் 75-அ தாண்டுனா உப்பு தானா தண்ணிய இழுக்கும், கடலோரத்துல ராத்திரியெல்லாம் அதுக்கு மேலதான இருக்கு. பகல் முழுக்க காஞ்ச உப்புக் கருவாட்ட ராத்திரி கொட்டாயிலயே விட்டீங்கன்னா காலையில வேர்த்துப் போய் இருக்கும், பகல் உழைப்புல பாதி வீண். அதனால சாயங்காலம் வெயில் சாயுறதுக்குள்ள அள்ளி மூடி போட்ட டிரம்முல அடைச்சிடணும், இதுல சோம்பல் படவே கூடாது. கழுவாத கசடு உப்புன்னா இன்னும் மோசம், அதுல இருக்குற மக்னீசியம் கசப்பும் குடுக்கும், ஈரத்தையும் ஜாஸ்தி இழுக்கும். சில சமயம் உப்புக் கருவாடு செக்கச்செவேல்னு பூத்துப் போகும் பாத்திருக்கீங்களா, அந்தக் கிருமி உப்புக்குள்ளயே இருந்து வர்றது, டிரையர் அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

அதே மாதிரி கெட்டுப் போன மீனையும் டிரையர் நல்லதாக்காது. இத அழுத்திச் சொல்றேன், ஏன்னா கரையில விக்காம மிஞ்சுனது, ஐஸ் இல்லாம நசுங்குனது, அதுதான் கருவாட்டுக்குன்னு ஒரு பழக்கம் ஊறிப் போயிருக்கு. சூரை, அயிலை மாதிரி மீன் வெயில்ல ஐஸ் இல்லாம கிடந்தா அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாகும், தின்னா மூஞ்சி சிவந்து உடம்பெல்லாம் தடிச்சு வாந்தி வரும், அது ஒருதடவை உண்டாயிட்டா காயவச்சாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது. அம்மா ஏலத்துல செவுளப் பாக்காம எடுக்கவே மாட்டாங்க, கருவாட்டுக்குதானன்னு யாராச்சும் சொன்னா கோவம் வந்துரும்.

வெயிலும் மீனும் ஒண்ணா வராததுதான் எங்க கிழக்குக் கரையோட பெரிய சிக்கல். நல்லா கொளுத்துற நேரத்துல, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகுல வர்றது மட்டும்தான், மீன் விலையும் ஏறிடும், காயவைக்க மிஞ்சாது. அப்புறம் மீன் நிறைய ஏறும்போது வாடைக்காத்தும் மழையும் வந்து நிக்கும். அதனால வெறும் வெயில மட்டும் நம்புன கொட்டாய் வருசத்துல பாதிதான் முழுசா வேலை செய்யும். இதுக்குத்தான் மாத்துச் சூடு வேணும். நாங்க போன வருசம் கொட்டாய்க்கு வெளிய செங்கல் அடுப்பு ஒண்ணு கட்டி, அதுல இருந்து ஒரு இரும்புக் குழாய தரையோரமா உள்ள ஓட்டி மறுபக்கம் புகைய வெளிய விட்டோம், புகை மீன்ல படாது, குழாய் சூடு மட்டும் உள்ள வரும். எரிக்க சீமைக்கருவேல விறகு, ராமநாதபுரம் ஜில்லாவுல அதுக்கு என்ன பஞ்சம். போன கார்த்திகையில தொடர்ந்து மூணு நாள் அடைமழை, அடுப்பு அணையாம தம்பியும் நானும் மாத்தி மாத்தி விழிச்சிருந்தோம், ஒரு டிரே கூட போகல.

மானியம் பத்தியும் சொல்லணும். 2020-ல மத்திய அரசு மீன் தொழிலுக்குன்னு கொண்டு வந்த பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 60 சதவீதம், மத்தவங்களுக்கு 40 சதவீதம் மானியம்னு அறிவிச்சாங்க. கேக்க நல்லா இருக்கு. சின்னம்மாவுக்கு ஒண்ணு வாங்கிடலாம்னு நான் நாலு தடவை ஒரு ஆபீஸுக்கு அலைஞ்சேன். எங்க வீடு பட்டா இடத்துல இருக்கு, சின்னம்மா களம் கடற்கரைப் புறம்போக்கு, அவங்க மாமியார் காலத்துல இருந்து அங்கதான் காயவைக்கிறாங்க. பட்டா இருக்கா, குத்தகைப் பத்திரம் இருக்கான்னு கேட்டாங்க, இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. கரையில கருவாடு போடுற பொம்பளைங்கள்ல எத்தனை பேருக்கு களத்துக்கு பட்டா இருக்கும்னு அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும். ஒருத்தருக்கு ஒண்ணுன்னு பாக்காம, ஊர்ப் பொது இடத்துல ஒரு பெரிய கொட்டாயும் ஒரு ஐஸ் பெட்டியும் வச்சு குழுவுக்குக் குடுத்தா நாப்பது பேர் பிழைப்பாங்க. இத மனுவா எழுதிக் குடுத்திருக்கோம், இன்னும் பதில் வரல, விடப் போறதில்ல.

வரும்படியப் பத்தி உள்ளத சொன்னா, மணலுக்குக் கழிவு போடுறது நின்னதே எங்களுக்குப் பெரிய காசு. இப்ப கால் கிலோ, அரைக்கிலோவா சுத்தம் பண்ணி கவர்ல சீல் போட்டு நேரா வீடுகளுக்கும் அனுப்புறோம், அது மொத்த வியாபாரிகிட்ட போடுறதவிட கிலோவுக்கு நல்லாவே கூட நிக்குது. சீல் போடுறதுல ஒரு விஷயம், நல்லா ஆறுனப்புறம்தான் போடணும், சூட்டோட கட்டுனா உள்ள வேர்க்கும், அப்புறம் எவ்வளவு காயவச்சும் பிரயோஜனம் இல்ல. சாக்குல திறந்து வச்சா வண்டு விழுந்துரும், அதுக்கும் சீல்தான் மருந்து.

காசவிட எனக்குப் பெருசா தெரியுறது வேற. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் போச்சு, முப்பது வருசம் மணல்ல குத்தவச்சு ஒவ்வொரு மீனா புரட்டிப் போட்டதுல. இப்ப டிரே இடுப்பு உயரத்துல இருக்கு, நின்னுட்டே புரட்டுறாங்க, இல்லன்னா ஸ்டூல போட்டு உக்காந்துக்குறாங்க. மழை மேகம் கறுக்கும்போது அவங்க மூஞ்சியில ஒரு பதட்டம் வரும், சாப்பாட்டுத் தட்ட அப்படியே விட்டுட்டு களத்துக்கு ஓடுவாங்க, எங்க சின்ன வயசு முழுக்க அந்த ஓட்டத்தப் பாத்திருக்கோம். போன ஐப்பசியில ஒரு மத்தியானம் திடீர்னு மழை கொட்டுச்சு, நான் பதறி எந்திரிச்சேன், அம்மா சோத்தப் பிசைஞ்சுட்டே, "உக்காந்து தின்னு, அது உள்ளதான இருக்கு"ன்னாங்க.

ஃபேன் பத்தி ஒண்ணு மறந்துட்டேன், கம்ப்யூட்டர் ஃபேன் மலிவா கிடைக்குதுன்னு போடாதீங்க, உப்புக் காத்துல ரெண்டே மாசத்துல துருப்பிடிச்சு நின்னுருச்சு, இப்ப மூடுன மோட்டார் உள்ளது போட்டிருக்கோம். பேட்டரி வைக்கல, பேனல்ல இருந்து நேரா கனெக்‌ஷன், வெயில் ஏறுனா ஃபேனும் வேகமா சுத்தும், மேகம் வந்தா தானா மெதுவாகும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஷீட்டு மேல உப்பு படிஞ்சு மங்கிப் போகும், வாரம் ஒருதடவை நல்ல தண்ணி ஊத்தித் துடைச்சு விடணும். சாதாரண பாலிதீன் வாங்கிப் போட்டா சில மாசத்துல வெயில்ல கிழிஞ்சு தொங்கும், யூவி ஷீட்டு எங்களுக்கு மூணு வருசம் ஓடியிருக்கு. புயல் எச்சரிக்கை வந்துட்டா மீன அள்ளிட்டு ஷீட்டையே கழட்டி சுருட்டி வீட்டுக்குள்ள வச்சுடுவோம், வெறும் பைப்ப காத்து ஒண்ணும் பண்ணாது.

இந்த ஷீட்டும் இப்ப மேக்கு மூலையில விட ஆரம்பிச்சிருக்கு, டேப் ஒட்டி வச்சிருக்கேன். வாடை ஆரம்பிக்கிறதுக்குள்ள மாத்தியாகணும். புதுசு வாங்கும்போது புகைபோக்கிய இன்னும் ரெண்டடி உயத்தணும்னு அம்மா சொல்றாங்க, ராத்திரியில உள்ள நிக்குற புழுக்கம் இன்னும் முழுசா போகலையாம். ஞாயித்துக்கிழமை வெல்டிங் அண்ணன் அளவெடுக்க வர்றாரு.